மெடிகேர் முதியவருக்கு எந்த அரசு பொறுப்பு?

அமெரிக்காவில் 65 வயதை எட்டி, மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டையைப் பெறுகிற ஒருவர், அடுத்த சில மாதங்களுக்குள் ஒரு முக்கியமான முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. அரசு வழங்கும் மெடிகேர் மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்பதில்லை. மருத்துவர் கட்டணத்திலும் வெளிநோயாளர் சிகிச்சையிலும் 20 விழுக்காட்டை நோயாளியே செலுத்த வேண்டும். அதற்கு ஆண்டு உச்சவரம்பு எதுவும் கிடையாது. இந்தச் சுமையைக் குறைக்கத் தனியார் காப்பீட்டில் இரண்டு வழிகள் உள்ளன. மெடிகேரை அப்படியே வைத்துக்கொண்டு, அது விட்டுவைக்கும் தொகையைச் செலுத்துவதற்கு மெடிகேப் என்னும் துணைக் காப்பீட்டை வாங்குவது ஒன்று. மெடிகேர் தரும் பலன்களையே ஒரு தனியார் நிறுவனத்தின் வழியாகப் பெற்றுக்கொள்ளும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்வது மற்றொன்று.

இரண்டையும் பெரும்பாலும் ஒரே நிறுவனங்கள்தான் விற்கின்றன; வீட்டுக்கு வந்து விளக்கும் முகவரும் ஒருவரே. ஆயினும் மெடிகேப் வாங்கியவருக்குக் குறை ஏற்பட்டால் அவரைக் காக்கும் பொறுப்பு பெருமளவு மாநில அரசின் காப்பீட்டுத் துறையிடம் இருக்கிறது. அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்தவருக்கு அதே பொறுப்பு ஏறக்குறைய முழுவதும் மத்திய அரசிடம் போய்விடுகிறது. படிவத்தில் கையெழுத்திடும் கணத்தில், எந்த அரசிடம் முறையிடுவது என்பதும் முடிவாகிவிடுகிறது. இதை அந்த நேரத்தில் அவருக்கு எடுத்துச் சொல்வார் அநேகமாக எவரும் இல்லை.

நான் வசிக்கும் நியூஜெர்சியில், மெடிகேர் குறித்து முதியோருக்கு இலவச ஆலோசனை வழங்கும் திட்டத்தில் தன்னார்வலராகப் பணியாற்றுகிறேன். எந்த நிறுவனத்தையும் பரிந்துரைக்கவோ எதையும் விற்கவோ எங்களுக்கு அனுமதி இல்லை. விதிகளை விளக்குவதும் படிவங்களுக்கு உதவுவதுமே எங்கள் வேலை. அங்கு வருகிறவர்களில் நம் ஊர்களிலிருந்து பிள்ளைகளோடு வாழ வந்த தாய்தந்தையரும் உண்டு. பச்சை அட்டையோடு இந்நாட்டில் தொடர்ந்து ஐந்தாண்டுகள் வாழ்ந்த 65 வயதுக்கு மேற்பட்டவர், இங்கு வேலை செய்து வரி கட்டியிராவிட்டாலும், மாதப் பிரீமியம் செலுத்தி மெடிகேரில் சேரலாம் என்பதால், இந்தக் கேள்வி நம் குடும்பங்களுக்குள்ளும் வந்துவிட்டது.

காப்பீட்டை மாநிலங்களே ஒழுங்குபடுத்துவது அமெரிக்காவில் நெடுங்கால வழக்கம். காப்பீடு மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1869 இல் கூறிய கருத்தே முக்கால் நூற்றாண்டு நிலைத்தது. 1944 இல் அதே நீதிமன்றம் ஒரு தீக்காப்பீட்டு வழக்கில் அந்தக் கருத்தைக் கைவிட்டது. உடனே அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் மெக்காரன்-ஃபெர்குசன் சட்டத்தை நிறைவேற்றி, காப்பீட்டு ஒழுங்குமுறையை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்தது. ஆகவே 1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, அந்தச் சட்டம் முழுக்க மத்திய அரசினுடையதாக இருந்தது. அதன் இடைவெளிகளை நிரப்ப முளைத்த தனியார் பாலிசிகள் ஐம்பது மாநிலங்களின் ஐம்பது விதமான விதிகளுக்குள் விற்கப்பட்டன.

மாநிலங்கள் அந்தப் பொறுப்பைச் சரியாக நிறைவேற்றின என்று சொல்லிவிட முடியாது. 1970களில் ஒரே முதியவருக்கு ஒன்றையொன்று ஒத்த பல பாலிசிகள் விற்கப்பட்டன. ஒரு பாலிசி ஏற்கும் செலவை மற்றது ஏற்காது என்பது மருத்துவமனைக் கட்டணம் வரும்வரை வாங்கியவருக்குத் தெரியாது. நாடாளுமன்ற விசாரணைகளில் இவை வெளிப்பட்ட பின், மொண்டானா மாநில செனட்டர் மேக்ஸ் பாக்கஸ் கொண்டுவந்த திருத்தம் 1980 இல் முதல் வரம்புகளை வகுத்தது. ஆனால் அது பெருமளவில் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஏற்பாடாகவே இருந்தது. 1990 ஆம் ஆண்டுச் சட்டம்தான் உண்மையான திருப்பம். மெடிகேப் பாலிசிகள் 1992 முதல் ஏ தொடங்கி ஜே வரை எழுத்திட்ட பத்து வகைகளுக்குள் அடங்க வேண்டும் என்றும், ஒரே எழுத்துள்ள பாலிசி எந்த நிறுவனத்தினுடையதானாலும் ஒரே பலன்களைத் தர வேண்டும் என்றும் அது விதித்தது. வசூலிக்கும் தனிநபர் பிரீமியத்தில் குறைந்தது 65 விழுக்காடு சிகிச்சைக்கே செலவிடப்பட வேண்டும் என்றது. 65 வயதில் மெடிகேரின் பி பகுதியில் (மருத்துவர் கட்டணத்தையும் வெளிநோயாளர் சிகிச்சையையும் ஏற்கும் பகுதி) சேர்ந்த முதல் ஆறு மாதங்களுக்குள் கேட்பவருக்கு, அவர் நோயாளி என்ற காரணத்தால் பாலிசியை மறுக்கக் கூடாது என்றும் ஆக்கியது. நான் பணியாற்றும் ஆலோசனைத் திட்டம் பிறந்ததும் அதே சட்டத்தால்தான்.

அந்தச் சட்டம் அமைக்கப்பட்ட விதம் இன்றும் எனக்கு மதிப்பை ஏற்படுத்துகிறது. மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம் மாதிரி விதிகளை எழுதியது. மத்திய அரசு அவற்றைக் குறைந்தபட்ச வரம்பாக ஏற்றது. அமல்படுத்துவதும் பிரீமிய உயர்வைப் பரிசீலிப்பதும் புகார்களை விசாரிப்பதும் மாநிலங்களிடம் இருந்தன. ஏற்கெனவே தமக்கென ஒரு முறையை வைத்திருந்த மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களை அவற்றின் வழியிலேயே விட்டது. கீழ் வரம்பை மத்திய அரசு வகுக்க, அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் பாதுகாப்பைக் கூட்டிக்கொள்ள மாநிலங்களுக்கு இடம் இருந்தது.

மெடிகேர் அட்வான்டேஜ் இதற்கு நேர்மாறான பாதையில் வளர்ந்தது. மெடிகேர் பயனாளிகளைத் தனியார் திட்டங்களில் சேர்க்கும் ஏற்பாடு 1980களிலேயே இருந்தாலும், 1997 இல் அது விரிவான வடிவம் பெற்றபோது, பலன்கள் முதலிய சில குறிப்பிட்ட துறைகளில் மட்டுமே மாநிலச் சட்டங்கள் விலக்கப்பட்டன. 2003 ஆம் ஆண்டின் மெடிகேர் சீர்திருத்தச் சட்டம் அந்த எல்லையை அழித்தது. உரிமம் வழங்குவது, நிறுவனத்திடம் போதிய நிதி வலு உள்ளதா எனப் பார்ப்பது ஆகிய இரண்டைத் தவிர, இத்திட்டங்களைப் பொறுத்தவரை மாநிலச் சட்டம் எதுவும் செல்லாது என்று ஆக்கியது. மத்திய அரசின் பணத்தில் நடக்கும் திட்டத்துக்கு நாடு முழுவதும் ஒரே விதி இருக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பலன்களைப் பொறுத்தவரை அந்தக் காரணத்தை நான் ஏற்கிறேன்; மதுரைக்காரர் நியூஜெர்சியில் இருந்தாலும் டெக்சாஸில் இருந்தாலும் மெடிகேர் ஒன்றாகவே இருப்பதுதான் முறை. விற்பனையில் நடக்கும் ஏமாற்றுக்கும் அதே காரணம் எப்படிப் பொருந்தும் என்பதைத்தான் எத்தனை முறை யோசித்தும் என்னால் ஏற்க முடியவில்லை.

அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 2006 இல் மெடிகேர் மருந்துக் காப்பீடு தொடங்கியபோது, வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியர் ஒரு தனியார் மருந்துத் திட்டத்தில் சேர்ந்தனர். பிரீமியம் பிடிக்கப்பட்டது, ஆனால் மருந்து பெறுவதற்கான அட்டையும் விவரங்களும் வந்து சேரவில்லை. மருந்துகளைத் தம் செலவிலேயே வாங்க நேர்ந்தது. மாநில நுகர்வோர் சட்டத்தின்படி அவர்கள் தொடுத்த வழக்கில், இத்தகைய கோரிக்கைகளை மத்திய சட்டம் விலக்கிவிட்டது என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது. 2003 சட்டத்தின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் நீதிபதிகள் அதைத் தாமாக வலிந்து சொன்னதாகக் கருத முடியாது. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

இதே காலத்தில் அட்வான்டேஜ் திட்டங்களை விற்ற முகவர்கள் முதியோர் குடியிருப்புகளுக்குச் சென்று கதவைத் தட்டினர். தாம் மெடிகேரிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டனர். மருந்துத் திட்டம் என்று சொல்லி முழுத் திட்டத்திலும் சேர்த்துவிட்டனர். பாதிக்கப்பட்டவர்கள் முதலில் போய் நின்றது தங்கள் மாநிலக் காப்பீட்டு ஆணையரிடம்தான். 2007 இல் நாடாளுமன்றத்தின் முன் சாட்சியமளித்த மாநில ஆணையர்கள், முகவர்மீது நடவடிக்கை எடுக்க முடிகிறதே தவிர அவரை அனுப்பிய நிறுவனத்தைத் தொட முடியவில்லை என்று முறையிட்டனர். அதிபர் புஷ்ஷின் மறுப்பாணையையும் (வீட்டோ) மீறி 2008 ஜூலையில் நிறைவேறிய சட்டம், அழையாமல் வீட்டுக்குச் செல்வதையும் தொலைபேசியில் அழைப்பதையும், விற்பனைக் கூட்டங்களில் உணவு வழங்குவதையும் தடைசெய்தது. முகவர்கள் மாநில உரிமம் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்றும் ஆக்கியது. ஆனால் நிறுவனங்களின் விற்பனை நடத்தையைக் கண்காணிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குத் திரும்பவில்லை. முகவர் மாநிலத்தின் பொறுப்பு, நிறுவனம் மத்திய அரசின் பொறுப்பு என்ற பிரிவு அப்படியே இன்றுவரை நீடிக்கிறது.

இந்தப் பிரிவு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை என்னிடம் வந்த ஒரு பெரியவரின் நிலையைக் கொண்டு சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். அவர் பல ஆண்டுகளாக ஒரே இதய மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வந்தார். தொலைபேசியில் பேசிய முகவர், பல் சிகிச்சையும் கண்ணாடியும் கூடுதலாகக் கிடைக்கும், வேறு எதுவும் மாறாது என்று உறுதி கூறி அவரை ஓர் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்த்தார். அந்த மருத்துவர் அத்திட்டத்தின் வலையமைப்பில், அதாவது அது ஏற்கும் மருத்துவர்களின் பட்டியலில், இல்லை என்பது சந்திப்பு நாளன்று வரவேற்பு மேசையில்தான் தெரிய வந்தது. அவருடைய மகள் மாநிலத் துறைக்கு எழுதினார். முகவரின் உரிமம் பற்றி மட்டும் தாங்கள் விசாரிக்கலாம், திட்டத்தைப் பற்றிய புகாரை மத்திய அரசின் எண்ணுக்குச் சொல்லுங்கள் என்றார்கள். அந்த எண்ணில் புகார் பதிவாயிற்று. பின்னர் அது விளக்கத்துக்காக அனுப்பப்பட்ட இடம் அந்த நிறுவனமே. “தம்பி, நான் யார்கிட்டப் போய் நிக்கிறது?” என்று அவர் என்னைக் கேட்டார். தவறான தகவலால் சேர்க்கப்பட்டவருக்குத் திட்டத்தை மாற்றிக்கொள்ளச் சிறப்புக் காலம் தரும் விதி ஒன்று இருப்பதால், இறுதியில் அவரை விடுவிக்க முடிந்தது. அந்த விதியை அவராகக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

முகவருக்குக் கிடைக்கும் தொகையையும் இங்கே குறிப்பிட வேண்டும். புதிதாக ஒருவரை அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ப்பதற்கு முகவருக்குத் தரக்கூடிய உச்சக் கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2025 ஆம் ஆண்டுக்கு அது பெரும்பாலான மாநிலங்களில் 626 டாலர், நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் 780 டாலர். நேர்மையான முகவர்களை நான் அறிவேன். பொறுமையாக மருந்துப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவர்கள் அவர்கள். ஆனால் 2020 க்கும் 2021 க்கும் இடையில் அட்வான்டேஜ் விற்பனை பற்றி மத்திய அரசுக்கு வந்த புகார்கள் இரு மடங்குக்கும் மேலாகின. 2022 இல் செனட்டின் நிதிக்குழு மாநிலங்களிடமிருந்து விவரம் கேட்டுத் தயாரித்த அறிக்கை, 2007 இல் கேட்ட குரல்களையே திரும்பவும் பதிவுசெய்தது. அதே ஆண்டில் மாநில ஆணையர்களின் சங்கம், விற்பனை ஒழுங்குமுறையைத் தங்களிடம் திருப்பித் தருமாறு நாடாளுமன்றத்தை வலியுறுத்தியது. மத்திய அரசு 2023 இல் விதிகளை இறுக்கியது. திட்டத்தின் பெயரைச் சொல்லாத தொலைக்காட்சி விளம்பரங்களையும், மெடிகேர் சின்னத்தைக் குழப்பம் ஏற்படும்படி பயன்படுத்துவதையும் தடுத்தது. அவை நல்ல விதிகள். அவற்றை ஊர்தோறும் கவனித்துப் பிடிக்கும் ஆட்கள் மாநிலங்களிடம் இருக்கிறார்கள்; அதிகாரம் அவர்களிடம் இல்லை.

சிகிச்சை மறுப்பிலும் இதே கோடு குறுக்கே வருகிறது. முன் அனுமதி என்ற பெயரில் காப்பீட்டு நிறுவனங்கள் சிகிச்சையைத் தாமதப்படுத்துவதற்கு எதிராகப் பல மாநிலங்கள் சட்டம் இயற்றியுள்ளன. டெக்சாஸ் 2021 இல், தொடர்ந்து அனுமதி பெற்றுவரும் மருத்துவர்களுக்கு விலக்களிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நியூஜெர்சியில் 2024 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் மெடிகேர் அட்வான்டேஜில் உள்ள முதியவரைச் சென்றடைவதில்லை. மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்திட்டங்கள் மறுத்த முன் அனுமதிக் கோரிக்கைகளில் 13 விழுக்காடு மெடிகேர் விதிகளின்படி ஏற்கப்பட்டிருக்க வேண்டியவை. அதற்கு முன் அதே அலுவலகம் 2018 இல் கண்டறிந்தது இன்னும் வருத்தம் தருவது: 2014 முதல் 2016 வரை மேல்முறையீடு செய்யப்பட்ட மறுப்புகளில் ஏறத்தாழ 75 விழுக்காட்டை நிறுவனங்களே திரும்பப் பெற்றன, ஆனால் மறுக்கப்பட்டவற்றில் மேல்முறையீட்டுக்கு வந்தது சுமார் ஒரு விழுக்காடே. எங்கே, எப்படி முறையிடுவது என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் சிகிச்சை பெற்றிருப்பார்கள் என்ற எண்ணம் இந்த எண்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்னை வாட்டுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இரு அரசுகளின் விதிகள் மோதுவதால் முதியவர் சிக்கிக்கொள்ளும் மிகக் கடுமையான இடத்துக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மெடிகேர் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவிக்கிறது. அட்வான்டேஜ் பிடிக்கவில்லையென்றால் மெடிகேருக்குத் திரும்பிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் திரும்பியவருக்கு மெடிகேப் கிடைக்குமா என்பதை அந்த அறிவிப்பு தீர்மானிப்பதில்லை. அதை அவர் வாழும் மாநிலத்தின் சட்டம் தீர்மானிக்கிறது. முதல் ஆறு மாத வாய்ப்பு கடந்துபோனவரின் உடல்நிலையை ஆராய்ந்து பாலிசியை மறுக்கவோ, கூடுதல் பிரீமியம் கேட்கவோ பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. முதன்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவர் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பினாலோ, நிறுவனமே தன் திட்டத்தை முடித்துக்கொண்டாலோ, இவை போன்ற சில சூழல்களில் மட்டுமே மத்திய சட்டம் அவரைக் காக்கிறது. புற்றுநோய் கண்டறியப்பட்டபின் தாம் விரும்பும் மருத்துவமனைக்குப் போக நினைத்து அட்வான்டேஜை விட்டு வெளியேற முயல்பவருக்கு, அதே நோயே மெடிகேப்பைத் தடுக்கும் காரணமாகிறது. 2024 இல் மெடிகேருக்குத் தகுதியுள்ளோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அட்வான்டேஜில் இருந்தார்கள் என்பதால் இது சிலருடைய பிரச்சினை என்று தள்ளிவிடக் கூடியதும் அன்று.

2024 நிலவரப்படி நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டுமே 65 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் ஆண்டு முழுவதுமோ ஆண்டுக்கு ஒரு முறையோ உடல்நிலை பாராமல் ஏதாவதொரு மெடிகேப் பாலிசியைத் தர வேண்டும் என்று சட்டம் வகுத்திருந்தன. கலிபோர்னியா, ஓரிகன் போன்றவை பிறந்தநாளை ஒட்டிய சில வாரங்களில் மெடிகேப்பை மாற்றிக்கொள்ள இடம் தருகின்றன. ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவர்களுக்கே அது பயன்படும். 65 வயதுக்கு முன்பே உடல் ஊனத்தால் மெடிகேர் பெற்றவர்களுக்கு மெடிகேப் தர வேண்டும் என்று மத்திய சட்டம் எதுவும் சொல்லவே இல்லை. அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஹட்சன் ஆற்றின் அக்கரையில் நியூயார்க்கில் வாழும் முதியவர் எந்த மாதமும் மெடிகேப் கேட்டுப் பெறலாம். இக்கரையில் எங்கள் நியூஜெர்சியில் அந்த உரிமை இல்லை. ஒரே மெடிகேர், ஒரே நோய், சில மைல் தூரம்.

இந்தியாவுக்குப் போய்வரும் பெற்றோர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் சேர்கிறது. மெடிகேர் சென்னையிலோ திருச்சியிலோ ஏற்படும் செலவை ஏற்காது. மெடிகேப்பின் எழுத்து வரிசை பின்னர் மாறியது; இன்றைய சி, டி, எஃப், ஜி, எம், என் வகைப் பாலிசிகள், பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் தொடங்கும் அவசரச் சிகிச்சைக்கு, நோயாளியே முதலில் செலுத்தும் 250 டாலருக்கு மேல் 80 விழுக்காட்டை, வாழ்நாள் வரம்பாக 50,000 டாலர் வரை தருகின்றன. சி, எஃப் இரண்டும் 2020 முதல் புதிதாகத் தகுதி பெறுவோருக்குக் கிடைப்பதில்லை. அட்வான்டேஜ் திட்டங்களில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சை திட்டத்துக்குத் திட்டம் மாறும்; அதோடு, பொதுவாகத் தன் சேவைப் பகுதியை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருப்பவர் திட்டத்திலிருந்து நீக்கப்படுவார். பேரக் குழந்தைக்காக ஆறு மாதம் இங்கும், வீட்டையும் நிலத்தையும் பார்க்க ஆறு மாதம் அங்குமாக வாழ்கிறவர்கள் சேரும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் மாநிலங்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. 1970களின் வரலாறு அதற்கு எதிரான சாட்சி. பலன்கள், கட்டணம், மேல்முறையீட்டுக் கால வரம்பு ஆகியவை மத்திய அரசிடமே இருக்கட்டும். 2026 முதல் வழக்கமான முன் அனுமதிக் கோரிக்கைகளுக்கு ஏழு நாட்களில் பதில் தர வேண்டும் என்று அது வகுத்திருப்பதை வரவேற்கிறேன். ஆனால் 2003 சட்டத்தில் உரிமத்துக்கும் நிதி வலுவுக்கும் அளிக்கப்பட்ட விலக்கோடு விற்பனை நடத்தையையும் நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். மெடிகேப்பில் 1990 இல் செய்ததைப் போல, மத்திய அரசு கீழ் வரம்பை வகுக்க, மாநில ஆணையர் நிறுவனத்தையும் முகவரையும் ஒருசேர விசாரிக்கும் நிலை வந்தால், அந்தப் பெரியவரின் மகள் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே அலைந்திருக்க மாட்டார்.

மெடிகேப்பைப் பொறுத்தவரை நியூஜெர்சி சட்டமன்றம் மத்திய அரசுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அதிகாரம் ஏற்கெனவே அதனிடம் இருக்கிறது. நியூயார்க்கைப் போல ஆண்டு முழுவதும் திறந்துவைத்தால் நோய் வந்தபின் மட்டும் சேர்வோரால் பிரீமியம் உயரும் என்ற எதிர்வாதம் உண்மையானது. நியூயார்க்கில் பிரீமியம் கூடுதலாகத்தான் இருக்கிறது. அதனால்தான் மாசசூசெட்ஸைப் போல ஆண்டில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், எல்லோருக்கும் திறந்துவைக்கும் ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன். அந்தக் காலத்தை அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை என மத்திய அரசின் காலத்தோடு ஒத்துவைத்தால், திட்டத்தை மாற்றலாம் என்ற மத்திய அரசின் அறிவிப்பு நியூஜெர்சியில் வாழும் நோயுற்ற முதியவருக்கும் உண்மையாகும்.